எனக்கு வேணாங்க

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலிருந்தும் ஆட்கள் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். எல்லோரும் சாமியைப் பார்த்து நிற்க, ஒருவர் மட்டும் செருப்புகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கோயில் வாசலுக்கு வெளியே ஒரு தட்டைக் கல் கிடந்தது. அந்தக் கல்லில் அவர், மடியில் ஒரு பிள்ளை, முதுகில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று, சுற்றிலும் எஸ்டேட்டின் மொத்தச் செருப்பும். பந்தலூர்ப் பக்கத்து மழைக்கு அட்டைகள் செருப்புக்குள் ஏறி உட்கார்ந்து, ஆள் எப்போது வரும் என்று காத்திருக்கும். அவர் ஒவ்வொரு செருப்பாகத் தட்டிப் பார்த்து, இடுப்பில் செருகியிருக்கும் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து அவற்றுக்கு ஒரு வழி பண்ணிவிடுவார். பூசை முடிந்து வருகிறவர்கள் நெற்றி நிறைய விபூதியோடு செருப்பை மாட்டிக்கொண்டு, அவரவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அது ஒன்றும் ரகசியமில்லை. கணக்கப்பிள்ளைக்குக் காது மந்தம், பூசாரிக்கு மூட்டுவலி என்பதைப் போல அதுவும் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாராவது புதிதாக வந்தவர் விபூதித் தட்டை நீட்டினால், "எனக்கு வேணாங்க, நீங்க கும்பிடுங்க" என்பார். இரண்டாவது டம்ளர் டீயை வேண்டாம் என்று சொல்கிற அதே குரல்தான். அதில் வீறாப்பும் இருக்காது, வருத்தமும் இருக்காது.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நாங்கள் ஆபீசில் கிரீச் என்போம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு அது பிள்ளைக்காம்பரா. அவரும் அப்படி வந்தவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் பிள்ளைக்காம்பரா அக்கா. நான் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அங்கே கிளார்க்காகப் போனவன். எனக்கும் அவர் அக்காதான். பெயர் உண்டு. எழுதப் போவதில்லை. "எங்கயாச்சும் எழுதினீங்கன்னா பேரப் போட்டுறாதீங்க. அப்புறம் ரெண்டு பக்கத்துலேருந்தும் மாலையோட வந்துருவாங்க" என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண்கள் போடுகிற காப்பிக்கலர் ஸ்வெட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. செத்துப்போன கணவருடையது. கை இரண்டையும் முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டுதான் பிள்ளைகளைத் தூக்குவார். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளையைத் தூக்க முடியும் என்று அவரோடு பந்தயம் கட்டித் தோற்றவர்களில் எங்கள் ஆபீஸ் டிரைவரும் ஒருவர். பாலாடையில் பால் புகட்டும்போது பிள்ளை வாயைத் திறக்க வேண்டுமென்று இவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் யாராவது பேச்சுக் கொடுத்தால், வாயை மூடாமலே பதில் வரும்.

அவருடைய விசித்திரம் என்று நான் நினைப்பது இன்னொன்று. காலை ஆறரைக்குத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒவ்வொரு அடையாளம் இருக்கும். ஒன்றுக்கு விபூதி, ஒன்றுக்குச் சந்தனம், ஒன்றுக்குக் கன்னத்தில் மைப்பொட்டு. கடைக்கார பாய் வீட்டுப் பிள்ளைக்கு இடுப்பில் தாயத்து, மேட்டு லயத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கழுத்தில் சிலுவை. மத்தியானம் எல்லாவற்றையும் வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டு, எந்தப் பிள்ளைக்கு எது இருந்ததோ அதை அப்படியே மறுபடி வைத்துவிடுவார். விபூதி பட்டையாக இருந்ததா, கீற்றாக இருந்ததா என்பது உட்பட. "அது அவுங்க அம்மா வெச்சது. குடுத்த மாதிரித் திருப்பிக் குடுக்கணும்" என்பார். ஒருநாள் கை தவறி, சிலுவைப் பிள்ளையின் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டார். ஞாபகம் வந்ததும் வழுக்குப் பாதையில் மேட்டு லயம் வரை ஓடி, அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுத் துடைத்துவிட்டு வந்தார். சாமியே இல்லை என்கிறவருக்கு இதற்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாமி இல்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சும்மா வரவில்லை என்று சொன்னால் யார் விடுகிறார்கள்? காரணம் வேண்டுமே. கப்பலில் வரும்போது பிள்ளை ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தாராம், அன்றோடு சாமியை வெறுத்தாராம் என்று கீழ் லயத்தில் சொல்வார்கள். புருஷனைக் காப்பாற்றச் சொல்லித் தாலியைக் கோயிலில் போட்டாராம், சாமி கைவிட்டதாம் என்று மேட்டு லயத்தில் சொல்வார்கள். சின்ன வயதில் பூசாரி ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்றுகூட ஒரு கதை உலவியது. கதை சொல்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். துக்கம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறிவிடும்.

எனக்கும் ஆர்வம் தாங்காமல் நேராகவே கேட்டேன். அக்கா ஒரு பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் பிள்ளை போகவில்லை, பிள்ளையே பிறக்கவில்லை என்றார். தாலி பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறதாம். பூசாரி யாரும் ஏமாற்றவில்லை.

"சின்னதுலேருந்தே வரல கிளாக்கரய்யா. சில பேருக்குப் பாட்டு வராதுல்ல? எங்கம்மா கும்பிடும்போது நானும் கண்ண மூடிப் பாப்பேன். இருட்டாத்தான் இருக்கும். தெறந்தா எல்லாரும் அழகாக் கும்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. சரி, நம்ம பாத்துக்கிட்டு இருப்போம்னு விட்டுட்டேன்."

பூசாரிக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். வெள்ளிதோறும் பூசாரி வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலை வெளியே கொடுத்தனுப்புவார். அக்கா விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவார். சாமி வேண்டாம், சாமிப் பொங்கல் மட்டும் இனிக்குமா என்று யாரோ சீண்டியதற்கு, "இது பூசாரி வூட்டம்மா ஆக்குனது. அது கை ருசிய நான் நம்புறேன்" என்றார். அந்த அம்மாள் அடுத்த வாரத்திலிருந்து முந்திரியைக் கூட்டிப் போட்டதை நானே பார்த்தேன்.

ஏன் கும்பிடுவதில்லை என்று விடாமல் நச்சரிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு பதில் வைத்திருந்தார். "எல்லாரும் கையக் கூப்பினா பிள்ளைய யாரு பிடிக்கிறது?" கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதற்காகச் சொல்வதுதான் அது.

இப்போது மாலை விஷயம். கூடலூரிலிருந்து ஜெபக்கூட்டத்துக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். இந்தச் சாமியைக் கும்பிடாதவர் என்று கேள்விப்பட்டதும் அவர்களுக்கு ஒரே உற்சாகம். பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அக்கா அவர்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து, அவர்கள் பாடிய பாட்டையெல்லாம் பிள்ளைகளோடு கேட்டு, கடைசியில், "நல்லாப் பாடுனீங்க. எனக்கு வேணாங்க, நீங்க கும்பிடுங்க" என்றார். கொஞ்ச நாள் கழித்துக் கறுப்புச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஊட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மலைமேல் இப்படியொரு வீராங்கனையா என்று நெகிழ்ந்து, தங்கள் கூட்டத்தில் மேடையேறிப் பேச வேண்டும், மாலை மரியாதை எல்லாம் உண்டு என்றார்கள். அவர்களுக்கும் சாயா கிடைத்தது. பேச என்ன இருக்கிறது, பக்கத்து லயத்துக்காரர்களைத் திட்ட வேண்டி வரும், நாளைக்குப் பிள்ளைகளை அவர்களிடமிருந்துதானே வாங்க வேண்டும் என்று அவர்களையும் அனுப்பிவைத்தார். மோட்டார் சைக்கிள் சேற்றில் மாட்டிக்கொண்டபோது தள்ளிவிட்டதும் அக்காதான்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. தேயிலை விலை விழுந்தது.

விழுந்தது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். மலை முழுக்க ஒரே பேச்சாக இருந்த காலம் அது. தூள் மூட்டை ஃபேக்டரியில் கூரை வரை அடுக்கிக் கிடந்தது, வாங்க நாதியில்லை. வாரம் முழுக்க இருந்த வேலை மூன்று நாளாயிற்று. குன்னூரில் ஏலம் எடுக்கவே ஆள் வரவில்லையாம், பக்கத்து எஸ்டேட்டை மூடப் போகிறார்களாம், நம்முடையதை ரிசார்ட்டுக்கு விற்கப் போகிறார்களாம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தினம் ஒரு வதந்தி நிற்கும். இளவட்ட ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினார்கள். லயங்களில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளுமே மிஞ்சினார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் அப்போது எங்கள் ஹெட் சூப்பர்வைசர். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகன் திருப்பூர் போய்விட்டான், மருமகளும் பேரனும் இவர் பொறுப்பு, எஸ்டேட் மூடினால் இந்த வயதில் எங்கே போவது என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஆத்தாளுக்குத் திருவிழா எடுத்து வருடக்கணக்காகிறது, அதுதான் குறை, எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று அவர் சொன்னதும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லையே.

குறி கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த குறிகாரர் உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, இந்தத் தோட்டத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை, அதுதான் ஆத்தா மனசு குளிராமல் நிற்கிறாள் என்றார். அந்த மாதம் கரண்ட் இல்லாமல் பாதி லயம் இருட்டில்தான் கிடந்தது. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் பிள்ளைக்காம்பரா பக்கம் திரும்பியது.

இதோடுகூட ஓய்ந்திருக்கும். ஆனால் மறுநாள் காலையில் தலைவர் தன் வீட்டில் பேரனுக்கு விபூதி பூசப் போயிருக்கிறார். மூன்று வயதுப் பொடியன், பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் வளர்கிறவன். கையை அழகாக மடக்கிக்கொண்டு, "எனக்கு வேணாங்க, நீங்க கும்பிடுங்க" என்றிருக்கிறான். அச்சு அசல் அக்காவின் குரல். அவன் ரசத்துக்கும் அப்படித்தான் சொல்வான், தலைசீவ வரும்போதும் அப்படித்தான் சொல்வான். பெரியவர்களிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லும் முறை அது என்று அவன் கற்றுவைத்திருந்தான். தலைவரோ விபூதியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கமிட்டிக்காரர்களைத் தேடிப் போனார்.

அன்று சாயங்காலமே மைக் கட்டிச் சொன்னார்கள். இந்த வருடம் வீட்டுக்கு ஒருவராவது மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வீட்டில் விளக்கேற்ற வேண்டும். கட்டாத வீட்டோடு ஒட்டு உறவு கிடையாது, கோயில் மேட்டில் கால் வைக்கக் கூடாது, அங்கே யாரும் பிள்ளையை விடக் கூடாது. பெயர் சொல்லவில்லை. ஒண்டிக்கட்டையாக ஒரு காம்பராவில் இருக்கிறவர் அக்கா ஒருவர்தான். அவர் வீட்டில் வேறு யார் கட்ட முடியும்?

காப்புக் கட்டும் நாளுக்கு முன்பாகவே பிள்ளைகள் நின்றுவிட்டன. தாய்மார்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கொழுந்துக் கூடை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். மழையில் பிள்ளைகள் நனைந்தன, அட்டை கடித்தது. அக்கா வழக்கம்போல ஆறரைக்குக் கதவைத் திறந்து, பாய் விரித்து, தூளிகளைக் கட்டி, வெந்நீர் போட்டுவைத்து உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்குப் போகிற வழியில் பார்ப்பேன். காலியான தூளிகள் காற்றில் ஆடும்.

எங்கள் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், என்னைக் கூப்பிட்டார். அவர் பெங்களூர்க்காரர், எந்தப் பக்கமும் சாயாமல் ரிட்டையர் ஆகிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பிள்ளை வராத கிரீச்சுக்கு ஆயா எதற்கு என்று ஹெட் ஆபீசில் கேட்கிறார்கள், ஆள் குறைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், திருவிழா முடிவதற்குள் பிள்ளைகள் வராவிட்டால் மூடிவிடச் சொல்வார்கள் என்றார். மூடினால் வேலை மட்டும் போகாது, வேலையோடு சேர்ந்த வீடும் போகும். ஒரு கயிறுதானே, கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று என்னை அனுப்பினார்.

போனேன். ஒரு அருமையான யோசனையோடு போனேன் என்று நினைப்பு வேறு.

"ஏனுங்கக்கா, கட்டுறப்ப மட்டும் கைய நீட்டுங்க. கட்டி முடிச்சதும் ஸ்வெட்டர் கைய இழுத்து உட்டுக்கங்க. உங்க கண்ணுக்கே தெரியாதுங்க. திருவிழா முடிஞ்சு ஊட்டுக்குள்ள போயி அறுத்துப் போட்டா யாரு கேக்கப் போறாங்க?"

அக்கா என்னை ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அந்தக் கயிறு ஒங்களுக்குப் பெருசா, சின்னதா கிளாக்கரய்யா?"

"பெருசுதானுங்கக்கா."

"பெரிய சாமானப் பொய்யாக் கட்டச் சொல்றீங்களே. நம்பிக் கட்டுனவங்க எத்தன பேரு இருக்காங்க. நான் ஸ்வெட்டருக்குள்ள மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சா, அவுங்களப் பாத்து உள்ளுக்குள்ள சிரிக்கிற மாதிரி ஆயிறாதா?"

வேலை போகும், வீடு போகும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அக்கா வெந்நீர்ப் பானைக்கு அடியில் விறகைத் தள்ளினார்.

"பயமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ராத்திரி தூக்கமில்ல. அதுக்காக, இல்லாதத இருக்குன்னு கை நீட்ட வரமாட்டேங்குது. என்னாத்துக்கு என்னிய வற்புறுத்துறாங்க? நான் அவுங்கள நிறுத்துனேனா?"

துரையிடம் போய், வரவில்லை என்கிறார் என்றேன். எது வரவில்லை என்றார் துரை. அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காப்புக் கட்டினார்கள். அக்கா போகவில்லை. பால்குடம் எடுக்கிற நாள் வந்தது.

வழக்கமாக எங்கள் எஸ்டேட்டில் எது நடந்தாலும் பெண்கள் ஓடைக்கரையில் பிள்ளைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் குளித்துக் குடம் எடுப்பார்கள். அது அத்தனை பழக்கமாகிப்போய், அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. இந்த முறை பிள்ளைகளை யார் பிடிப்பது என்று கமிட்டி யோசிக்கவில்லை. கணவன்மார் பாதிப் பேர் திருப்பூரில். இருக்கிறவர்களில் தப்பு அடிப்பவர் போக, கரகம் எடுப்பவர் போக, மிச்சமிருந்த கிழவர்களுக்குத் தங்கள் கைத்தடியைப் பிடிக்கவே சரியாக இருந்தது. தலையில் பால்குடம், இடுப்பில் பிள்ளை என்று பெண்கள் ஓடையிலிருந்து ஏறினார்கள். மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. பாதை வழுக்கியது. ஒரு பிள்ளை குடத்தில் செருகிய வேப்பிலையை உருவித் தின்றுவிட்டு வீலென்று கத்தியது. அது கத்தியதும் எல்லாம் கத்தத் தொடங்கின. தப்புச் சத்தத்தையும் மீறிய கத்தல்.

எல்லோருக்கும் முன்னால் தலைவர். புது மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு. ஒரு கையில் சூலம், அது அவர் உரிமை. இன்னொரு கையில் பேரன். மருமகள் இரண்டு கையிலும் தீச்சட்டி ஏந்தி வருகிறாள், வேறு யாரிடம் விடுவது? பேரன் தாத்தாவின் வேட்டியை எப்போதோ நனைத்துவிட்டான்.

ஓடையிலிருந்து கோயிலுக்குப் போகிற பாதை பிள்ளைக்காம்பரா வாசலை ஒட்டித்தான் போகும். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு அரைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. நான் எதிர்ப்பக்கம் குடையோடு நின்றேன். ஊர்வலம் அவரைப் பார்க்காமல் கடந்து போய்க்கொண்டிருந்தது. பார்க்காமல் போவதற்கு எல்லோரும் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கே தனி விரதம் இருந்திருக்க வேண்டும்.

ஊர்வலத்தின் நடுவில் ஒரு சின்னப் பெண். போன வருடம் கல்யாணமாகி வந்தவள். வாரத்துக்கு மூன்று முறை கோயிலுக்கு ஏறுகிற பக்தி. கைக்குழந்தையின் உதையில் அவள் குடத்துப் பால் தளும்பி முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. கோயில் போய்ச் சேருவதற்குள் குடம் காலியாகிவிடும் போலிருந்தது. அவள் வரிசையை விட்டு விலகினாள். நேராக அரைக்கதவுக்கு வந்து இடுப்பைச் சாய்த்தாள்.

"அக்கா, பிள்ளையப் பிடிங்க. ஆத்தா பால் சிந்துது."

அக்காவின் கட்டிய கைகள் பிரிந்தன. பிள்ளை உள்ளே போயிற்று. கத்தலில் ஒன்று குறைந்தது.

பின்னால் வந்தவள் ஒரு கணம் தலைவரைப் பார்த்தாள். அப்புறம் அவளும் விலகினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சற்று நேரத்தில் கோயிலுக்குப் போக வேண்டிய வரிசை பிள்ளைக்காம்பராவுக்கு வளைந்து நின்றது. தப்புக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அதே தாளத்தை அங்கேயே நின்று அடித்தார்கள். பூசாரி வானத்தைப் பார்த்தார். தலைவர் திரும்பி, நிற்காமல் நடங்கள் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது பேரன் சூலத்திலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக் கீழே எறிந்தான். அது உருண்டு உருண்டு அரைக்கதவுக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைவர் நடந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, பேரனை நீட்டினார். அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"நேரமாச்சு. போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

அன்று போல ஒரு நிம்மதியான பூசை அந்தக் கோயிலில் நடந்ததில்லை என்று பூசாரி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைச் சத்தம் இல்லை. சாமி வந்து ஆடியவர்கள் நிறுத்தி நிதானமாக ஆடினார்கள்.

மறுநாள் ஆறரைக்குத் தூளிகள் நிறைந்துவிட்டன. கட்டுப்பாடு போட்டபோது மைக் கட்டிச் சொன்னவர்கள், எடுத்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பழைய கல்லில் உட்கார்ந்திருந்தார். தலைவர் தன் செருப்பைத் தள்ளித் தனியாகக் கழற்றி விட்டுப் போனார். வாரத்துக்கு வாரம் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கல்லுக்குப் பக்கத்தில் வந்தது. தேயிலை விலை மட்டும் ஏறவில்லை. அதற்காக யாரும் ஆத்தாளையும் கோபித்துக்கொள்ளவில்லை, அக்காவையும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே கொண்டாட்டம். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் பாலாடையைக் கழுவிக்கொண்டே, "என்னா ஜெயிச்சேன்?" என்றார். "எங் கை நல்லாருந்துச்சு, தேவப்பட்டுச்சு, விட்டுட்டாங்க. கை முடியாதவளா இருந்திருந்தா? பிள்ளையத் தூக்க மாட்டாத ஒருத்திக்கு வேணாமின்னு சொல்லத் தோணியிருந்தா, அவளுக்குக் கயித்தக் கட்டித்தானே விட்டிருப்பாங்க?"

என் கொண்டாட்டம் பொசுக்கென்று போய்விட்டது. அந்தக் கேள்வி அப்புறம் என்னை விடவே இல்லை.

எஸ்டேட்டை விட்டு நான் கோயமுத்தூர் வந்து வருடங்கள் ஓடிவிட்டன. போன தடவை பந்தலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்தேன். பிள்ளைக்காம்பராவை மூடியாகிவிட்டது. அக்கா இருப்பது அந்தச் சின்னப் பெண்ணின் வீட்டில். வரிசையை விட்டு முதலில் விலகியவள். இப்போது அவள் தலையும் நரைத்துவிட்டது. வீடு முழுக்கச் சாமி படங்கள், கதவில் வேல், வாசலில் மாரியம்மன். அக்கா வராந்தாவில், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே காப்பிக்கலர் ஸ்வெட்டர். கைகள் இரண்டும் ஓயாமல் ஆடின. டம்ளரைப் பிடிக்க முடியாது. அந்தப் பெண்தான் வாயில் வைத்துப் புகட்டினாள், தன் வாயையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு.

விளக்கு வைக்கிற நேரம். அவள் உள்ளே போய்ப் பூசை முடித்து, விபூதித் தட்டோடு வந்தாள். எனக்கு நீட்டினாள், எடுத்துப் பூசிக்கொண்டேன். பேரப்பிள்ளைகளுக்குப் பூசினாள். அக்காவிடம் வந்ததும் தட்டைத் திண்டின்மேல் வைத்தாள். முந்தானையால் அவர் வாயோரம் வழிந்த டீயைத் துடைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லை, கிண்டல் மட்டும் அப்படியே இருந்தது. "என்ன கிளாக்கரய்யா, ஸ்வெட்டருக்குள்ள கட்டியிருக்கான்னு பாக்கணுமா?" என்று ஆடுகிற கையை நீட்டினார். நான் விளையாட்டாகவே அந்தக் கையைப் பிடித்து ஸ்வெட்டரை மேலே தள்ளினேன். தோலும் நரம்பும்தான் இருந்தன. ஸ்வெட்டர் கையை மறுபடி இழுத்துவிட்டேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்த அந்தப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். இத்தனை சாமி இருக்கிற வீட்டில், எழுந்து நடக்கவும் முடியாத மனுஷிக்கு ஒருநாளாவது பூசிவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று. அவள் நான் என்ன கேட்கிறேன் என்றே புரியாதவள் போல நின்றாள்.

"அவுங்கதான் வேணாம்னு சொல்லியிருக்காங்களே" என்றாள்.